பதினோராம் மாடி நிலப்பிரபு

உங்கள் வீடு பதினோராம் மாடியில் இருக்கிறது என்றால், நீங்கள் எந்த நிலத்துக்குப் பிரபு? இதை மருதப்பனிடம் யாராவது முதலிலேயே கேட்டிருந்தால், உட்லண்ட்ஸில் ஒரு குடும்பத்துக்கு அந்த மாதம் நிம்மதியாகப் போயிருக்கும்.

முப்பத்தோரு வருடம் பேருந்து ஓட்டியவர் மருதப்பன். அத்தனை வருடத்தில் அவரைத் தேடி வந்த ஒரே பட்டம் ‘அங்கிள்’. அதுவும் வழி கேட்பதற்காக. ஓய்வு பெற்றார். மகன் நிதீஷ் கல்யாணமாகித் தனி வீடு போனான். காலியான அறையை ஷமீமாவுக்கு வாடகைக்கு விட்டார். நாகூர்ப் பெண், மருத்துவமனையில் தாதி. இணையத்தில் ஓர் ஒப்பந்தத்தை எடுத்தவர், தமிழிலும் இருக்கட்டுமே என்று கைப்பேசிச் செயலியில் மொழிபெயர்த்தார். ‘லேண்ட்லார்ட்’ வந்த இடத்திலெல்லாம் செயலி ‘நிலப்பிரபு’ என்று போட்டது. அந்த வீட்டில் மண் என்று பார்த்தால் செருப்பில் ஒட்டி வருவதுதான்; மணி பிளாண்ட்கூடப் புட்டித் தண்ணீரில் வளர்கிறது. ஆனாலும் மருதப்பன் அந்தச் சொல்லை மூன்று முறை படித்தார்.

காப்பிக்கடை நண்பர் சிதம்பரம் தினம் ஒரு பட்டம் கொடுத்தார். திங்கள் ஜமீன்தார், செவ்வாய் மிராசுதார், புதன் பண்ணையார். மருதப்பனுக்கு அது கேலி என்றே உறைக்கவில்லை. நம் மொழியும் லேசுப்பட்டதல்ல. நிலத்தை வைத்திருந்தவர் பண்ணையார், அதில் முதுகு ஒடிந்தவன் பண்ணையாள். வித்தியாசம் ஓர் எழுத்து. அந்த ஓர் எழுத்துக்குள் எத்தனை தலைமுறைப் பட்டினி கிடக்கிறது. மருதப்பனின் அப்பா அந்த இரண்டாவது சொல்லிலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலேறித் தப்பி வந்தவர். பிள்ளை லிஃப்டில் ஏறி முதல் சொல்லுக்குப் போய்விட்டார்.

மூன்றாம் வாரம் ஷமீமா மீன்குழம்பு வைத்தாள். மறுநாள் காலை ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள்: ‘நிலப்பிரபுவின் அனுமதியின்றிச் சமையல் கூடாது. வெந்நீர் வைக்கலாம்.’ மனைவி சரஸ்வதி அதைப் படித்துவிட்டு, பேரையும் போட்டுவிடுங்கள், பிரபு யாரென்று ஃபிரிட்ஜ் குழம்பிவிடப் போகிறது என்றார்.

ஷமீமாவுக்கு இது சிரிக்கிற விஷயமில்லை. இதற்கு முன் ஏழு அறை பார்த்திருந்தாள். ஏழிலும் முதல் கேள்வி, சமைப்பீர்களா என்பதுதான். ‘நீங்கள் இந்தியரா’ என்பதை நாசூக்காகக் கேட்கும் வழி அது. இங்கேயும் அடுப்பு இல்லையென்றால் மறுபடி பெட்டியைத் தூக்க வேண்டும். அதனால் உட்கார்ந்து பேசினாள். வீடு யாருடையது தெரியுமா என்று மருதப்பன் வீட்டுப் பத்திரத்தையே எடுத்து வந்து மேசையில் போட்டார்.

அவள் அவசரமில்லாமல் படித்தாள். அரசாங்கத்திடம் எடுத்த தொண்ணூற்றொன்பது வருட லீஸ். அவர் பெயரோடு ஓர் ஆங்கிலச் சொல். அதை அவருடைய கைப்பேசியில், அதே செயலியில் தட்டினாள்.

“குத்தகைதாரர்னு வருது அங்கிள். நம்ம ஒப்பந்தத்துல என்னையும் அப்படித்தான் போட்டிருக்கீங்க.”

“அது வேற, இது வேற லா.”

“நான் ஒரு வருஷம், நீங்க தொண்ணூத்தொம்பது. அதானே வேற? பிரபு யாரையும் காணோமே.”

சரஸ்வதி கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. “கல்யாணமான புதுசுல கேலாங்ல ரூம் கேட்டுப் போனோம். குழம்பு வாடை ஆகாதுன்னு ஒருத்தர் கதவைச் சாத்தினார். நீங்க அந்த அடுக்குமாடி புளோக் கீழே நின்னு அழுதீங்க. ஞாபகம் இருக்குங்களா?”

மருதப்பனுக்கு ஞாபகம் இருந்தது. எழுந்து போனார். தாளைக் கிழித்தெறிந்தார் என்று சொல்ல ஆசைதான். அவ்வளவு பெருந்தன்மை அவரிடம் கிடையாது. எழுதியதைப் பேனாவால் அடித்துவிட்டு, ‘சமைத்தபின் அடுப்பைத் துடைக்கவும்’ என்று எழுதிக் கீழே தன் பெயரை மட்டும் போட்டார். அன்று மாலை ஷமீமா நெத்திலி வறுத்தாள்.

உங்கள் வீட்டில் வாடகைக்கு ஓர் அறை இருக்கிறதா? அந்த ஒப்பந்தத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். சமைக்கக் கூடாது என்று ஒரு வரி இருந்தால், குடியிருப்பவரைக் கூப்பிட்டு, அவர் கண்ணெதிரே அதை அடித்துவிடுங்கள்.