பாஸ்போர்ட் போட்டோ குறைந்த வருடம்

எங்கள் கடைத்தெருவில் இருந்த ஒரே போட்டோ ஸ்டூடியோவுக்கு முதலாளியும் வேலையாளும் ஒருவரே. எல்லோரும் அவரை 'ஃபிளாஷ்' என்றே கூப்பிட்டார்கள். அவருக்கும் அந்தப் பெயர் பிடித்துப்போயிருந்தது. நான் எதிரே இருந்த விதைக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். ஸ்டூடியோவில் நடந்தவற்றை நேரில் பார்த்தேன். வீட்டுக்குள் நடந்தவை அவர் மனைவி சொல்லித் தெரிந்தவை.

ஸ்டூடியோவின் முன்னறையில் ஒரு கண்ணாடி, நூலில் கட்டித் தொங்கவிட்ட சீப்பு, ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு. ஒல்லியானவர்கள் போட்டுக்கொண்டால் முதுகுப்பக்கம் துணிக்கிளிப்பால் இழுத்துப் பிடிப்பார். வெளிநாட்டு வேலைக்குப் போன எங்கள் ஊர் ஆண்கள் அத்தனை பேரும் பாஸ்போர்ட்டில் அந்த ஒரே கோட்டில்தான் இருப்பார்கள். மழையை நம்பி ஒரு போகம், பிறகு சும்மா கிடக்கும் நிலம். இப்படி இருந்ததால் ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். ஃபிளாஷின் வீட்டில் அடுப்பு எரிந்தது பெரும்பாலும் பாஸ்போர்ட் போட்டோவால்.

அந்த வரிசையில் ஒருநாள் அவருடைய தம்பியே வந்து நின்றார். புகைந்துபோன மோட்டாருக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுபவர். கைத்திறன் உண்டு, வேலைதான் இல்லை. பெற்றோர் போன பிறகு அண்ணன் தூக்கி வளர்த்த பிள்ளை.

"அண்ணே, ஒரு பாஸ்போர்ட் போட்டோ எடு."

"யாருக்குடா?"

"எனக்குத்தான். ஏஜென்ட் கேட்டிருக்கான்."

ஃபிளாஷ் அவரை உட்காரவைத்து எடுத்தார். மறுநாள் கழுவிப் பார்த்தால் தம்பியின் கண் மூடியிருந்தது. அது தற்செயல். இரண்டாவது தடவையும் மூடியிருந்தது. அது தற்செயல் இல்லை. ஃபிளாஷ் செய்தது இதுதான்: சும்மா ஒருமுறை விளக்கை அடிப்பது, தம்பி கண் கூசி இமைக்கும் நேரம் பார்த்துப் படத்தை எடுப்பது. மூன்றாவது படத்தைப் பார்த்ததும் அவர் மனைவிக்கு விளங்கிவிட்டது.

"ஏங்க, கல்யாணத்துல அம்பது பேரை நிக்கவெச்சு ஒருத்தர் கண்ணும் மூடாம எடுக்குறீங்க. உங்க தம்பிக்கு மட்டும் கேமராவைப் பார்த்தா தூக்கம் வருதா?"

"அவன் போயிட்டா இந்த வீட்டுல என்னைத் திட்ட யாரு இருக்கா?"

"ஏன், நான் செத்தா போயிட்டேன்?"

தம்பிக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "அண்ணி, நீங்களே சொல்லுங்க. இங்க மாசத்துக்கு ரெண்டு ஃபேன் வருது. அதை வெச்சு நான் எப்படிப் பொழைக்கிறது?" ஃபிளாஷ் மறுபடி கேமராவை எடுத்தார். நாலாவது படத்தை ஒழுங்காக எடுத்து, ஓரம் கோணாமல் வெட்டி, உறையில் போட்டுக் கொடுத்தார். அன்று மதியம் கடையைச் சாத்திவிட்டார்.

மனு போனது. பாஸ்போர்ட் வருவதற்குள், ஏரிக்கு நீர் கொண்டுவரும் பெரிய வாய்க்காலைச் செப்பனிட்டு முடித்தார்கள். ஏரி நிரம்பியது, சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர் ஏறியது. எங்கள் விதைக் கடையில் தக்காளி, மிளகாய், வெள்ளரி விதைகளுக்குக் கூட்டம் நெரிந்தது. ஃபிளாஷ் மட்டும் ஈ ஓட்டினார்.

"ஊரு முன்னேறுது, நான் பின்னாடி போறேன்" என்று என்னிடம் சலித்துக்கொண்டார். "எவனும் வெளிநாடு போக மாட்டேங்கிறான். கோட்டைத் துவைச்சு மடிச்சு வெச்சுட்டேன்."

வருடக்கணக்காகத் துருப்பிடித்துக் கிடந்த கிணற்று மோட்டார்களை எல்லோரும் ஒரே சமயத்தில் தட்டிவிட்டதில் பாதி மோட்டார்கள் புகைந்தன. தம்பி உட்கார்ந்து வேலைசெய்த வீட்டு வாசலில் மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் மோட்டார் வந்து இறங்கியது. பாஸ்போர்ட் வந்த அன்று அதைப் பிரித்துப் பார்க்கக்கூட அவருக்குக் கை ஒழியவில்லை. "இந்த நாலை முடிச்சுட்டுப் போறேன்" என்றார். நாலு முடிவதற்குள் ஏழு வந்தன. முதல் அறுவடை விற்ற பணத்தில் சிலர் புது மோட்டாரே வாங்கினார்கள். அதை மாட்டிக் கொடுக்கவும் அவரையே கூப்பிட்டார்கள்.

புறப்பட வேண்டிய வாரம் ஏஜென்ட் நேரிலேயே வீட்டுக்கு வந்தார். ஃபிளாஷ் தெருவைக் கடந்து, எங்கள் கடைக்கு அடுத்திருந்த வீட்டுக்கு ஓடினார். நானும் பின்னாலேயே போனேன்.

"என்னப்பா, கிளம்புறியா இல்லையா?"

"என் இடத்துக்கு வேற ஆளை அனுப்புங்க."

"ஆள் கிடைச்சா உன் வாசல்ல வந்து நிப்பேனா? எல்லாரும் புதுசா வந்த காய்கறி ஷெட்டுல தரம் பிரிக்கப் போயிட்டானுங்க. அம்மா, அக்கா, தங்கச்சின்னு குடும்பத்தோட!"

தம்பி செம்புக் கம்பியைக் கீழே வைத்தார். அண்ணனைப் பார்க்கவில்லை. "அங்க போனாலும் நான் காயில்தான் கட்டணும். அதை இங்கேயே கட்டிக்கிறேன். மன்னிச்சுக்கோங்க."

ஏஜென்ட் அவரைத் திட்டிவிட்டு வாசல்வரை போனார். பிறகு திரும்பி வந்தார்.

"சரி, என் மாமனார் தோட்டத்து மோட்டாரும் புகையுது. எப்ப எடுத்துட்டு வரட்டும்?"

"வரிசையில வைங்க" என்றார் ஃபிளாஷ், தம்பி வாயைத் திறப்பதற்கு முன்பே.

ஃபிளாஷுக்கும் வேலை வந்தது. ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்த பெண்கள் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தார்கள். பலருக்கு அதுதான் தனியாக எடுத்துக்கொண்ட முதல் படம். அதன் பிறகு புது வீடு, புது டிராக்டர், குழந்தை என்று அழைப்புகள் வந்தன.

தம்பிக்கு வீட்டு வாசல் போதவில்லை. ஸ்டூடியோவை ஒட்டிய அறையை வாடகைக்குப் பிடித்தார். மோட்டாரைச் சோதிக்கும்போதெல்லாம் இடையிலிருந்த சுவர் நடுங்கும்; உட்காரவைத்த குழந்தை வீறிட்டு அழும்.

"டேய், நிறுத்துடா! இங்க படம் ஆடுது!"

"நீ முதல்ல சுவரைப் பூசு, அண்ணே!"

எதிரே உட்கார்ந்து தினமும் இதைக் கேட்டேன். ஃபிளாஷின் குரலில் கோபம் துளியும் இருந்ததாக எனக்குத் தோன்றியதில்லை.