மால்டாவுக்கு ஒரு படிக்கட்டு ஒத்திகை

இது நடந்தது சென்ற ஆண்டு, தவக்காலம் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்னால், மைசூரில். நடந்ததைச் சொல்லுமுன் அப்போது நான் இருந்த நிலையைச் சொல்லிவிடுவது முறை. இந்நகரக் கல்லூரி ஒன்றில் புவியியல் துறைத் தலைவராகவும், பின்னர் துணை முதல்வராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பங்குக் கோயிலின் தமிழ்த் திருப்பலியில் நெடுங்காலமாக வாசகம் வாசித்து வருபவன். மாணவர்களைக் களப்பயணம் அழைத்துச் சென்ற காலங்களில் எப்போதும் வரிசைக்கு முன்னால் நடந்தவன். எழுபது வயதைக் கடந்த பிறகும் என் நடை தளர்ந்துவிட்டதாக ஒருவரும் சொன்னதில்லை. சொல்வதற்கு நான் இடம் கொடுத்ததும் இல்லை.

மத்தியதரைக் கடல் காலநிலையை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வகுப்பில் நடத்தியிருக்கிறேன். வெயில் பொழியும் வறண்ட கோடை, மழை பெய்யும் குளிர்காலம், ஒலிவம், திராட்சை, எலுமிச்சை. அந்தக் கடலின் கரைக்கோட்டைப் புத்தகம் பாராமல் கரும்பலகையில் வரைவேன். ஒருமுறை பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, "ஸார், நீங்க அங்க போயிருக்கீங்களா?" என்று கேட்டாள். அவள் கேலியாகக் கேட்கவில்லை. "இல்லை" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபோது மாலைகளும் பொன்னாடைகளும் பழைய செய்திகளாகிவிட்டன. அந்த "இல்லை" மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

எங்கள் திருமணப் பொன்விழா நெருங்கியபோது என் மனைவியே பேச்சை எடுத்தாள். "வாழ்நாள் பூரா அந்தக் கடலப் பத்தியே பேசறீங்க. ஒரு தடவ போய்ப் பாத்துட்டுத்தான் வருவோமே" என்றாள். எங்கே போவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. மால்டா. புனித பவுல் பயணம் செய்த கப்பல் உடைந்து, அவர் கரையேறிய தீவு. எங்கள் வீட்டு வழக்கில் அவர் சின்னப்பர். மே மாதத்தில் அங்கு வெயில் சுகமாக இருக்கும், கடலும் கலங்காது. என் மனைவியின் தம்பியும் அவர் துணைவியாரும் உடன் வருவதாக முடிவாயிற்று.

மச்சினர் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் வேடிக்கையாகப் பேசக்கூடியவர். எங்கள் சாப்பாட்டு மேசையில் நான் வரைபடத்தை விரித்ததுமே தொடங்கிவிட்டார்.

"சும்னே எதுக்கு அத்தான் தலைவலி? ஏஜென்ட்கிட்ட குடுத்துட்டா ஏத்திவிட்டு எறக்கிவிடுவான். கடற்கரையோரமா ரிசார்ட். வெயில்ல படுத்தோமா, மீனச் சாப்பிட்டோமா, வந்தோமான்னு இருக்கலாம்."

எனக்கு அதில் உடன்பாடில்லை. மந்தையாகச் சென்று மந்தையாகத் திரும்புவதற்கு நான் ஒரு வாழ்நாள் காத்திருக்கவில்லை. அந்தத் தீவின் தலைநகர் ஒரு குன்றின் முதுகில் கட்டப்பட்டது. கோட்டைச் சுவருக்குள் இருக்கும் அதன் தெருக்கள் பல படிக்கட்டுகளாகவே கடலை நோக்கி இறங்குகின்றன. அங்கேயே ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து, காலையும் மாலையும் அந்தப் படிகளில் நடந்து, துறைமுகத்தில் படகேறிச் சுற்றுவது என் திட்டம். ஒவ்வொரு நாளுக்கும் எந்தத் தெரு, எந்தக் கோயில் என்று நான் சொல்லச் சொல்ல, மச்சினர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அத்தனையும் படியா? பேடப்பா பேடா! சாமி, என்ன விட்டுருங்க."

இது வீட்டோடு இருந்திருந்தால் கவலையில்லை. ஆனால் பங்குத்தந்தை கேட்டுக்கொண்டதன்பேரில், ஒரு ஞாயிறு பூசைக்குப் பின் பங்கு மண்டபத்தில் அத்தீவைப் பற்றி உரையாற்றினேன். இறுதியில், வருகிற மே மாதம் நாங்கள் நால்வரும் எவர் ஏற்பாடும் இன்றிச் சொந்தத் திட்டத்தில், சொந்தக் கால்களில் அத்தீவைச் சுற்றிவரப் போகிறோம் என்று அறிவித்தேன். கைதட்டல் எழுந்தது. அது அடங்குமுன், கையில் காப்பியோடு மச்சினர் எழுந்து நின்றார்.

"அத்தான், மொதல்ல நம்ம சாமுண்டி பெட்டாப் படிய ஏறிக் காட்டுவோம். யாருக்கு மூச்சு வாங்குதோ, அவங்க பிளான் கேன்சல். ஒப்புக்கறீங்களா?"

மண்டபமே சிரித்தது. "ஒப்புக்கொள்கிறேன்" என்றேன். அத்தனை பேருக்கு முன்னால் வேறு என்ன சொல்ல முடியும்?

மைசூரில் அந்த மலைப்படி ஏறுவது எல்லா மதத்தவரும் செய்கிற காலை உடற்பயிற்சி. வேண்டுதல் உள்ளவர்கள் வெறுங்காலோடு ஏறுவார்கள். எங்களைப் போன்றவர்கள் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு ஏறுவோம். இதை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

முதலில் சில சனிக்கிழமைகள் நானும் மனைவியும் மச்சினரும் நந்தி வரைக்கும்தான் ஏறினோம். பாதிக்கு மேல் ஏறியபின் வரும் அந்தப் பெரிய கல் நந்தியின் அருகே கார் போகும் சாலை வந்து சேர்கிறது. அதனால் இறங்கும்போது வண்டி பிடித்துக்கொள்ளலாம். அப்போதே நெஞ்சுக்குள் ஏதோ பாரம் வைத்தது போல எனக்கு இருந்தது உண்மை. மைசூரில் நெஞ்சில் எது வந்தாலும் அதற்குக் 'கேஸ்டிரிக்' என்று பெயர். நானும் அந்தப் பெயரையே வைத்து, வீட்டுக்கு வந்து சீரகத் தண்ணீர் குடித்தேன். பந்தயத்துக்கென்று குறித்த சனிக்கிழமை உச்சி வரை ஏறுவதாகத் திட்டம்.

எங்களுக்கு முன்னால் ஓர் இளம்பெண் ஏறிக்கொண்டிருந்தார். கையில் தட்டு. ஒவ்வொரு படியிலும் குனிந்து மஞ்சளும் குங்குமமும் வைத்து, நிமிர்ந்து, அடுத்த படிக்குப் போனார். வேண்டுதலாக இப்படிச் செய்பவர்களை அங்கு நாள்தோறும் காணலாம். அவர் படிக்குப் படி குனிகிறார். நான் கைக்குடையை மட்டும் ஊன்றிக்கொண்டு ஏறுகிறேன். இருந்தும் அவரை என்னால் தாண்ட முடியவில்லை. எனக்கு அது தெரிந்திருந்தது. மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது என்பதே என் கவலை.

ஆகவே நான் நின்றேன். காரணமில்லாமல் நிற்கவில்லை. "அதோ பாருங்கள், காரஞ்சி ஏரி" என்று குடையால் சுட்டி, ஏரிகளைப் பற்றிச் சொன்னேன். கொஞ்சம் ஏறியதும், "இந்த மலை கருங்கல். மால்டா முழுவதும் தேன் நிறச் சுண்ணாம்புக் கல்" என்று இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினேன். இன்னும் சற்று மேலே, மழைநீரைப் பாறைக்குள் சேமிக்கும் அத்தீவின் வழக்கத்தை எடுத்துரைத்தேன். மச்சினர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மால்டா போறதுக்குள்ள மொத்த சிலபஸையும் முடிச்சிருவீங்க போல இருக்கே, அத்தான்!"

நந்தியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் ஏறியிருப்போம். பாரம் நெஞ்சிலிருந்து தாடைக்கு ஏறியது. குடை பிடித்த இடக்கை கல்லைத் தூக்கியது போலக் கனத்தது.

"ஏங்க, வேர்த்துக் கொட்டுதே. கொஞ்சம் உக்காருங்களேன்" என்றாள் மனைவி.

"வெயில்" என்றேன்.

"வெயிலே இன்னும் வரலியே!"

அவளுக்கு விடை சொல்லாமல், கடற்காற்றைப் பற்றி அடுத்த பாடத்தைத் தொடங்கினேன். வாக்கியத்தின் நடுவில் குரல் வரவில்லை.

மேலே இருந்த அந்தப் பெண் திரும்பிப் பார்த்தார். இறங்கி வந்து, "ஸார், கூத்கொள்ளி" என்று கன்னடத்தில் சொல்லித் தோளைத் தொட்டு உட்காரவைத்தார். பிறகு தமிழில் பேசினார். பேச்சில் எல்லையோரக் கொள்ளேகால் பக்கத்து மணம் இருந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். கீழ இருந்தே நீங்க பேசறதக் கேட்டுட்டுத்தானுங்க வர்றேன். நடக்கறப்ப நீங்க ஒரு வார்த்தகூடப் பேசலீங்க. நிக்கறப்பத்தான் பேசறீங்க."

"அம்மா, நான் பேராசிரியன். விளக்கிச் சொல்வது என் பழக்கம்" என்றேன். அதைச் சொல்லி முடிக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது.

"இருக்கட்டுங்க. எங்கப்பாவும் இப்படித்தானுங்க. சந்தைக்குப் போனா கடைக்குக் கடை நின்னு வெல கேப்பாரு. ஒண்ணும் வாங்க மாட்டாரு. கஞ்சத்தனம்னு நாங்க எல்லாரும் சிரிப்போம். மூச்சு வாங்கறதுக்குத்தான் நின்னாருன்னு அவரு போனதுக்கப்பறந்தானுங்க தெரிஞ்சுது."

மனைவி என் கையைப் பிடித்தாள். பங்கு மண்டபம், கைதட்டல், மே மாதம், கரும்பலகையில் நான் வரைந்த கரைக்கோடு எல்லாம் அந்த ஒரு கணத்தில் என் முன் வந்து நின்றன. நான் மச்சினரைப் பார்த்தேன்.

"எனக்கு மூச்சு வாங்குது" என்றேன்.

அவர் என் பக்கத்துப் படியிலேயே பொத்தென்று உட்கார்ந்தார்.

"எனக்குந்தான் அத்தான். நீங்க ஒவ்வொரு தடவ பாடம் எடுக்க நின்னப்பவும் மாதாவுக்கு நன்றி சொல்லிட்டுத்தான் நானும் நின்னேன்."

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் வலி கூடியது.

அந்தப் பெண் அதற்குள் கைபேசியில் தன் கணவரை அழைத்திருந்தார். அவர் உச்சியில், கோயில் அருகே காரோடு காத்திருந்தார். "நந்தி ஹத்ர பேக பா" என்று, நந்தியருகே சீக்கிரம் வரச் சொல்லிவிட்டு, மஞ்சள் குங்குமத் தட்டைப் படியின் ஓரமாக வைத்தார். உச்சிக்குப் போக அவருக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

"உன் வேண்டுதல் பாதியில நிக்குதேம்மா" என்றாள் என் மனைவி.

"படி எங்கயும் போயிராதுங்கம்மா. நீங்க வாங்க."

அந்தப் பெண் மைசூரின் ஹெப்பாள் பகுதியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் என்பதும், தங்கையின் பிரசவம் நல்லபடி முடிய வேண்டும் என்றே அந்த வேண்டுதல் என்பதும் காரில் போகும்போதுதான் தெரிந்தன. அவர் கணவர் கேள்வி எதுவும் கேட்காமல் வண்டியை நேராக மருத்துவமனைக்கு ஓட்டினார்.

இதயத்தின் முக்கிய இரத்தக்குழாயில் அடைப்பு. அன்றே ஸ்டென்ட் வைத்தார்கள். மறுநாள் மருத்துவர் என் திட்டத்தைக் கேட்டுவிட்டு, "நீங்க அந்தத் தீவுக்குப் போயிருப்பீங்க சார், சந்தேகமில்ல. திரும்பி வந்திருக்க மாட்டீங்க" என்றார். மனைவி முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். மொழி தெரியாத ஊரில், ஏதோ ஒரு படிக்கட்டுத் தெருவில், நான் கேஸ்டிரிக் என்று சொல்லிக்கொண்டிருக்க அவள் தனியாக நின்றிருப்பாள் என்பதை நினைத்தபோது, படுத்திருந்த கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நான் பிழைத்ததைவிட, அவளுக்கு அப்படியொரு நாள் நேராமல் போனதே பெரிய நிம்மதியாக இருந்தது. இன்றும் அப்படித்தான்.

சில வாரங்களில் அந்தப் பெண் தொலைபேசியில் அழைத்தார். தங்கைக்குச் சுகப்பிரசவம், பெண் குழந்தை. வேண்டுதல் என்ன ஆயிற்று என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"மறுபடி மொதப் படியிலருந்து வெச்சு முடிச்சுட்டனுங்க சார். இந்தத் தடவ சீக்கிரம் ஆயிடுச்சு. வழியில யாரும் பாடம் எடுக்கலீங்க."

மருத்துவர் இப்போது அனுமதி கொடுத்துவிட்டார். வருகிற மே மாதம் போகிறோம். அதே தீவு, அதே தலைநகர்; ஆனால் லிப்ட் உள்ள வீடு. எந்தெந்தத் தெருவில் பெஞ்சு இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பை மச்சினரிடம் கொடுத்திருக்கிறேன். அதை அவர் மிகுந்த ஆர்வத்தோடு செய்து வருகிறார். நான் இப்போதெல்லாம் நிற்க வேண்டியிருந்தால் நின்றுவிடுகிறேன். ஏரி எதையும் சுட்டிக்காட்டுவதில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நான் பேசியதை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். நான் பேசாமல் நடந்ததைக் கேட்டவர் அந்தப் பெண் ஒருவரே. என் மனைவி இன்று தனியாக இல்லை என்றால் அது அவர் கேட்டதால்தான்.

பங்கில் உலவிவரும் சில பேச்சுகளைத் திருத்துவதும் என் கடமை. சென்ற ஆண்டு எங்களுக்கு விசா மறுக்கப்படவில்லை; அப்போது நாங்கள் விண்ணப்பிக்கவே இல்லை. நான் மலையேறியது வேண்டுதலுக்காக அன்று. மருத்துவமனையில் என் சட்டைத் தோளில் பலர் கண்ட குங்குமம், என்னைப் பிடித்து உட்காரவைத்த கையிலிருந்து பட்டது. நான் மயங்கி விழுந்ததாகவும், என்னைத் தூக்கிக்கொண்டு வந்ததாகவும் சொல்லப்படுவது முழுத் தவறு. நந்தி வரை என் சொந்தக் கால்களால்தான் நடந்து இறங்கினேன். வலது கை மட்டும் அந்தப் பெண்ணின் தோள்மேல் இருந்தது.