அசன அண்டா அளவுக்கு ஒரு தீவன வண்டி

துறைமுகத்தில் முப்பது வருஷம் சரக்கு எண்ணுகிற வேலை பார்த்தவன் நான். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டையில் ஒன்று குறைந்தாலும் சொல்லிவிடுவேன். ஓய்வு பெற்று, துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற புதுக்கோட்டைக்கு வெளியே மாட்டுப் பண்ணை போட்டதும் அந்தத் திறமை எங்கே போனதோ தெரியாது. கொட்டகையில் நின்றது இருபத்திரெண்டு மாடு. ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் யாராவது கேட்டால் என் வாய் தானாக, "ஒரு அம்பது நிக்கும்" என்று சொல்லும்.

இருபத்திரெண்டுக்கும் தீவனம் கலக்குவது ஒரு அக்கா. எனக்கு அவள் அக்கா, அவளுக்கு நான் அண்ணாச்சி. வயசு விஷயத்தில் ரெண்டு பேருமே விட்டுக்கொடுப்பதில்லை. சோளத்தட்டை, வைக்கோல், தவிடு, புண்ணாக்கு எல்லாவற்றையும் தரையில் குவித்து மண்வெட்டியால் புரட்டுவாள். புரட்டிப் புரட்டியே வலது தோள் போய்விட்டது. கை காதுக்கு மேலே எழும்பாது.

"அண்ணாச்சி, சர்ச் அசனத்துக்குள்ள தீவனம் கலக்குத மிஷின் வரணும். வரலைன்னா நான் சாயர்புரத்துல மக வீட்டுக்குப் போயிருவேன், பாத்துக்கிடுங்க."

சும்மா சொல்கிற ஆள் இல்லை. மாடுகளோ அவளைத் தவிர யார் உட்கார்ந்தாலும் பாலை அடக்கிக்கொள்ளும். நான் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தேன். வாளி ஒரு பக்கம், மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம்.

ஆக, வண்டி தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு. தட்டையை நறுக்கி, புண்ணாக்கோடு ஒன்றாகக் கலந்து, தொட்டியில் கொட்டிக்கொண்டே போகிற வண்டி. சின்னது உண்டு, பெரியது உண்டு. இதில் எனக்கு வழிகாட்டியது எங்கள் சபையின் அசனம். வருஷத்துக்கு ஒருநாள் ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிற பந்தி. ஆள் இறங்கிக் குளிக்கும் அளவுள்ள அண்டாவில் கறிக்குழம்பு கொதிக்கும். வீட்டுக் குழம்புக்கு அந்த ருசி வராது. காரணம் அண்டாவின் அளவுதான் என்பது எங்கள் பக்கத்து ஆண்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. முக்கியமாக, சமைக்கத் தெரியாத ஆண்களின் நம்பிக்கை.

கோயம்புத்தூர் விற்பனையாளர் போனில் கேட்டார்: "எத்தனை மாடுங்க?"

"ஒரு அம்பது நிக்கும்."

டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற என் மனைவி பக்கத்தில்தான் இருந்தாள். தப்பாகக் கணக்குப் போடும் பையனைக் கடைசி வரி வரை போட விடுவது அவள் பழக்கம்.

ஒரு சனிக்கிழமை காலை லாரியில் வந்து இறங்கியது, என் சொல்லை நம்பி அனுப்பப்பட்ட வண்டி. கொட்டகை அதன் குட்டி மாதிரி தெரிந்தது. டிராக்டரோடு இணைத்து, ஒருநாள் தீவனத்தை மொத்தமாக உள்ளே கொட்டினோம். எட்டிப் பார்த்தேன். எங்கோ அடியில் கிடந்தது. நடுவில் இருந்த பெரிய திருகு கம்பீரமாகச் சுற்றியது. வைக்கோல் அதன்மேல் ராட்டினம் ஏறிச் சுற்றிவந்தது. கலக்கவே இல்லை. தொட்டியில் விழுந்ததும் கொழுத்த மாடு ரெண்டு முந்திவந்து புண்ணாக்கை மட்டும் பொறுக்கித் தின்றன. மெலிந்த கிழப்பசுவுக்கு வழக்கம்போல வெறும் வைக்கோல்.

"திருகு மூடுற அளவுக்காவது தீவனம் வேணுங்க சார்," என்றார் லாரியோடு வந்திருந்த விற்பனையாளர். கொட்டகையை ஒரு சுற்றுப் பார்த்தார். "மத்த மாடெல்லாம் மேய்ச்சலுக்குப் போயிருக்குங்களா?"

நான் வானத்தைப் பார்த்தேன். மனைவி சொன்னாள்: "இல்ல தம்பி. மீதி இன்னும் பெறக்கல."

அக்கா சிரிக்கவில்லை. தொட்டியில் கைவிட்டு ஒரு கட்டிப் புண்ணாக்கை எடுத்து என் கையில் வைத்தாள். "அசன அண்டாவுல ரெண்டு பேருக்குக் கொழம்பு வச்சா என்னத்துக்கு ஆகும் அண்ணாச்சி? அடியில தீஞ்சி போயிரும். நான் பெட்டியக் கட்டட்டா?"

பண்ணை போட்ட பிறகு முதல்முறையாக என் வாயிலிருந்து சரியான எண் வந்தது. "இருபத்திரெண்டு," என்றேன் விற்பனையாளரிடம். "எல்லாம் இங்கனதான் நிக்கி."

அடுத்த வாரம் பெரியது திரும்பிப் போய், சின்ன வண்டி வந்தது. அண்டா இல்லை, வீட்டுக் குழம்புச் சட்டி. ஆனால் தவிடு எது, தட்டை எது என்று மாட்டால் பிரிக்க முடியவில்லை. கொழுத்தவை ரெண்டும் மூக்கால் துழாவிப் பார்த்து, தோற்று, எல்லாவற்றையும் தின்றன. கிழப்பசுவும் அதையே தின்றது. மண்வெட்டி மூலைக்குப் போனது.

அசனத்தன்று பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார்: "என்னவே, அம்பது மாட்டுக்கு அந்தச் சின்ன வண்டி எப்படிக் காணுது?"

"அது... ரெண்டு தடவையாக் கலக்குதோம்," என்றேன்.

நாலு இலை தள்ளிக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். "இருபத்திரெண்டுதான்யா! தெனமும் எண்ணுதவ நான்லா சொல்லுதேன்!"

பந்தியே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. என் மானம் இலையில் குழம்போடு ஓடியது. ஆனால் எல்லார் கண்ணிலும் படட்டும் என்று கரண்டியை அவள் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாளே, அது வலது கை. நான் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டேன்.