பன்னிரண்டு மடங்கு ஸ்கோப்

ஆர்லோ ஸ்டம்ப்புக்குத் தீவன மில்லில் நிரந்தர வேலை, சொந்த வீடு, வேட்டை உரிமம் எல்லாம் இருந்தன. ஏழு வருஷமாக மான்தான் இல்லை.

தெற்கு இந்தியானாவில் இதைச் சும்மா விடுவார்களா? டிசம்பரில், குழல்வாயில் வெடிமருந்து இடிக்கும் துப்பாக்கிகளுக்கான வேட்டைக்காலம் முடிந்ததும் சர்ச்சில் மான்கறி விருந்து. மான் அடித்தவர்கள் மேஜையில் உட்காருவார்கள். வெறுங்கையோடு திரும்பிய ஆண் ஏப்ரன் கட்டிக்கொண்டு பெண்களோடு பாத்திரம் கழுவவேண்டும். எட்டாவது முறையும் கழுவ நேர்ந்தால் செத்தே போகலாம் என்றிருந்தது ஆர்லோவுக்கு.

கண் மங்கிவிட்டது ஊருக்கே தெரியும். மனைவி நெட்டி கண்ணாடி போடச் சொன்னாள். போட்டால் கிழவன் என்பார்களாம். ஆகவே துப்பாக்கிக்குப் போட்டார்: தூரத்தைப் பெரிதாக்கிக் காட்டும் குறிநோக்கி, ஸ்கோப்.

"நம்ம காட்டுக்கு நாலு மடங்கு ஸ்கோப்பே போதும்ண்ணே," என்றான் கடைக்காரன்.

"இருக்கறதுலயே பெருசு எது?"

பன்னிரண்டு மடங்கு வீட்டுக்கு வந்தது. சாப்பாட்டு மேஜையில் துப்பாக்கியைக் கிடத்தி, இரும்புக் குறிமுள்ளைக் கழற்றி, வளையங்களை முடுக்கினார். நெட்டியின் தம்பி வெர்ல் எட்டிப் பார்த்தான்.

"மச்சான், கண்ணுக்கும் அதுக்கும் நாலு விரக்கடை விடுங்க. உதைச்சா நெத்தியப் பேத்துரும்."

"கிட்ட இருந்தாத்தான்டா தெரியுது. ஒன்ன எவன் கேட்டான்?"

ஜன்னல் வழியாகத் தூரத்துக் கொட்டகையைப் பார்த்தார். "நெட்டி, ஆணி ஆணியா எண்ணிச் சொல்லவா?"

"மானுக்கு ஆணி கிடையாதே," என்றாள் அவள்.

வேட்டையின் முதல் நாளே மான் வந்து இருபதடியில் நின்றது. ஸ்கோப்பில் பார்த்தார். பழுப்பு. நகர்த்தினார். அங்கேயும் பழுப்பு. மரப்பட்டையா, மானா? ஒரு காது அகப்பட்டது, பிடிப்பதற்குள் போய்விட்டது. பொறுமை கெட்டுச் சுட்டார். ஸ்கோப் புருவத்தில் இடித்தது. புகை விலகியபோது ஓக் மரத்தில் ஓட்டை, நெற்றியில் பிறை. மான் அடுத்த ஜில்லாவில் இருந்திருக்கும்.

நெட்டி காயத்துக்குக் கட்டுப் போட்டாள். பிறகு ஸ்கோப்பைக் கழற்றிப் பழைய குறிமுள்ளை மாட்டி, வைக்கோல் கட்டை நோக்கி மூன்று குண்டு சுட்டுச் சரிபார்த்தாள். உரிமம் அவளிடமும் உண்டு; நேரம்தான் இருந்ததில்லை. மறுநாள் விடிகாலையில் போனவள் எட்டு மணிக்கு மானோடு வந்தாள்.

ஆர்லோவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. விருந்தன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மேஜைக்குப் போனார். "எங்க வீட்டுல மான் விழுந்துருச்சுப்பா."

"சுட்டது யாரு மச்சான்?" என்று கேட்டான் வெர்ல்.

சர்ச்சே சிரித்தது. நாற்காலி நெட்டிக்குப் போயிற்று. காது சிவக்க ஏப்ரனைக் கட்டிக்கொண்ட ஆர்லோ அவளிடம் குனிந்தார். "எட்டு வருஷம், நெட்டி. ஊரே சிரிக்குது."

நெட்டி கறியை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "நானும் முப்பது வருஷமா அதே தொட்டியிலதான் பாத்திரம் கழுவுனேன். அப்ப மட்டும் ஒருத்தருக்கும் சிரிப்பு வரலையே."

ஆர்லோ அவள் தட்டுக்காகக் காத்து நின்றார்.