பெரினின் ஜன்னல்

மெருகு போட்ட டப்பியைப் பெரின் தன் கன்னத்தில் ஒற்றித்தான் பார்ப்பாள். "வெளிச்சம் ஏமாத்திப்புடும். கன்னத்துல சுரசுரன்னா சுரசுரதான்" என்பாள். எண்ணெயும் காவிப்பொடியும் குழைத்துத் தேய்த்துத் தேய்த்து அவளுடைய வலது கட்டைவிரல் ஞாயிற்றுக்கிழமை கோயிலிலும் சிவப்பாகவே இருக்கும்.

பாரிஸில் ஆற்றோரத்துத் தட்டார் தெருவில், துர்வே முதலாளியின் பட்டறை. அங்கே ஜன்னலடி முக்காலி பெரினுடையது. சீமான்களுக்கான தங்க மூக்குப்பொடி டப்பிகள் அவள் கை பட்டுத்தான் வெளியே போகும். அவள் பொடி போடுவதில்லை. "மூக்குல போடுற குப்பைக்கு மாளிகை கட்டுறோம்" என்று சிரிப்பாள். வீட்டுக்குக் கிளம்புமுன் தொட்டியின் மேல் குனிந்து கையைக் கழுவி, ஏப்ரனை உதறி, தலையையும் வாரிவிட வேண்டும். அந்தத் தண்ணீரிலும் தங்கம் இருக்கிறதல்லவா? "என் புருஷன்கூட என்னை இவ்வளவு உதறிப் பார்த்ததில்ல."

அரசர் தூதர்களுக்குப் பரிசாகத் தரும் டப்பிகள் பட்டறைக்கே திரும்பி வந்துவிடும். வாங்கியவர் நாலு பேருக்குக் காட்டிவிட்டு விற்றுவிடுவார். துர்வே அதைப் புதுசாக்கி மறுபடி அரண்மனைக்கே கொடுப்பார். யாருக்கும் இதில் வெட்கமில்லை. நீலப்பூ டப்பி ஒன்று மூன்றாம் தடவை வந்தபோது பெரின் கொஞ்சினாள்: "வந்துட்டியா தாயி? யார் வீட்லயும் தங்க மாட்டியே!"

இந்தத் தடவை ஒரு வம்பு. வைத்திருந்த தூதர் மூடியின் உட்புறம், தங்கம் சுத்தம் என்று தட்டார் சங்கம் குத்தும் முத்திரையை ஒட்டித் தன் பெயரைப் பொறித்திருந்தார். முத்திரையோ ஏற்கெனவே தேய்ந்து மங்கியிருந்தது. முத்திரையில்லாத டப்பி கையில் கிடைத்தால் சங்கத்தார் அங்கேயே சுத்தியலால் நசுக்கிவிடுவார்கள்.

"பேரு முழுசா அழியணும் பெரின். நாளைக்கு அரமனைக்காரர் வர்றார்."

"அழிக்கிறேன் முதலாளி. கடைசி எழுத்தோட வாலை மட்டும் தொட மாட்டேன். தொட்டா முத்திரையும் போயிடும்."

"இன்னொருத்தர் பேரு ஒட்டிக்கிட்டிருந்தா அவர் வாங்குவாரா?"

"நசுங்கிப்போனா மட்டும் வாங்குவாரா?"

"ரொம்பப் பேசாதே! முடியலைன்னா கூட வேலை பாக்குற த்வானெத் செய்வா. ஜன்னலையும் அவளுக்கே விட்டுடு."

சொன்னதோடு நிற்காமல், முக்காலியைத் தானே தூக்கி அடுப்பு மூலையில் போட்டார் துர்வே. பெரின் அந்த இருட்டில் போய் உட்கார்ந்தாள். கன்னத்தில் ஒற்றி ஒற்றித் தேய்த்தாள். பெயர் போயிற்று. வால் நின்றது.

மறுநாள் காலை அரண்மனைப் பரிசுகளுக்குப் பொறுப்பான லோரியேர் வந்தார். மூடியைத் திறந்தார். அவருடைய நகம் முதலில் முத்திரையைத் தடவியது. பிறகு பக்கத்தில் நகர்ந்து நின்றது.

"துர்வே, இது யார் வாலு?"

துர்வே பெரினைத் திரும்பிப் பார்த்தார். பெரின் சிவந்த கட்டைவிரலை ஏப்ரன் மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"போன தடவை வச்சிருந்தவரோடது, ஐயா" என்றாள்.

லோரியேர் குலுங்கிச் சிரித்தார். "இருந்துட்டுப் போகட்டும். இன்னும் தேய்ச்சிருந்தா முத்திரை போயிருக்கும், நானும் சங்கத்துச் சுத்தியலுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எப்படியும் அடுத்த வருஷம் இங்கேதானே திரும்பி வரப்போகுது!" டப்பியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

துர்வே அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டுத் திரும்பினார். பெரின் அடுப்பு மூலையில் கிடந்த முக்காலியைக் காலால் கொக்கி போட்டு, தரை கீச்சிட, ஜன்னலடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.