கேட்டது நானில்லை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிக்கிறவன் நான்தான். பாதிரியார் வேலை பார்த்தவன் ஆவியை நம்பாமல் எப்படி என்று கேட்காதீர்கள், நான் நம்புகிற ஆவி வேறு. நீங்களும் சிரிக்கத்தான் போகிறீர்கள், முகத்திலேயே தெரிகிறது. சிரியுங்கள், ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

ஐம்பதுகளின் கடைசி. உறையூர்ப் பக்கம் ஒரு சின்ன சபைக்கு என்னைப் போட்டிருந்தார்கள். எங்கள் சபைகளில் பாதிரியாரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள், ஆனால் அங்கே அந்த மரியாதை கூப்பிடுவதோடு சரி. ஒருத்தருக்கும் என்னைப் பிடிக்காது. அதிலும் நியாயம் இருந்தது. நான் கேள்வி கேட்டால் பதிலையும் நானே சொல்லிவிடுவேன். "உடம்பு எப்படி இருக்கு, தேவலைதானே, நல்லது, ஜெபம் பண்ணலாமா" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டு செருப்பைத் தேடுவேன். சாவு வீட்டில்கூட அப்படித்தான். "நம்ம ஐயருக்கு நம்ம வாய் வேண்டாம்ப்பா, காது மட்டும் இருந்தா போதும்" என்று சபை மூப்பர் ஞானமுத்து என் காதில் விழுகிற மாதிரியே சொல்வார். சபையில் பாதிப் பேர் அவருக்குச் சொந்தம், மீதிப் பேருக்கு அவரிடம் பயம்.

அவருடைய மகள் எஸ்தருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை உப்பிலியபுரத்தில் நிலபுலன் உள்ளவர், மனைவியை இழந்தவர், மூப்பருக்குச் சமவயசு. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிப்பது எங்கள் வழக்கம். இரண்டு பேர் பெயரையும் படித்து, தடை ஏதாவது அறிந்தவர்கள் இப்போதே சொல்லுங்கள் என்று சபையைக் கேட்க வேண்டும். கேட்பதுதான் வழக்கம், பதிலுக்கு யார் காத்திருந்தார்கள்? நான் "சொல்லுங்கள்" என்ற சூட்டோடு பாட்டு நம்பரை அறிவித்துவிடுவேன்.

மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள், சனிக்கிழமை முழுக்க நான் முசிறியில் இருந்தேன். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி அங்கே சபையைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் வீட்டில் படுத்து, விடியலில் பஸ் பிடித்து நேரே கோயிலுக்கு வந்து அங்கி மாட்டினேன். ஓலையைப் படித்தேன், தடை உண்டா என்றேன், வழக்கம்போல் பாட்டு நம்பரையும் சொன்னேன். பெண்கள் பக்கத்திலிருந்து எஸ்தர் எழுந்தாள்.

"ஐயா, காத்திருக்கேன்னு சொன்னீங்களே."

"யாரும்மா சொன்னது?"

"நீங்கதான். நேத்து மத்தியானம் எங்க கிணத்தடிக்கு வந்து, உனக்குச் சம்மதமான்னு கேட்டீங்க. நான் அழுது முடிக்கிற வரைக்கும் ஒண்ணும் பேசாம நின்னீங்க. இல்லைன்னு சொன்னேன். அதைச் சபையில சொல்லு, நான் காத்திருக்கேன்னீங்க."

நம்பினால் நம்புங்கள், அந்த மத்தியானம் நான் முசிறியில் இருந்தேன். ஆனால் பயப்பட எங்கே விட்டார்கள்? ஞானமுத்து பலிபீடத்துப் படிவரை வந்துவிட்டார்.

"என் பொண்ணு மனசைக் கலைச்சது நீதானாய்யா?"

"அங்கியைக் கழட்டுய்யா!" என்று பின்னாலிருந்து ஒருத்தன். மூப்பரின் மைத்துனன் சட்டைக் கையை மடித்துக்கொண்டே வந்தான். மூப்பர் அவனைத் தள்ளிவிட்டு இன்னொரு படி ஏறினார்.

"நேத்து என் வீட்டுக்கு வந்தியா இல்லையா? ஒத்த வார்த்தையில சொல்லு!"

யோசித்துப் பாருங்கள். வரவில்லை என்பது சத்தியம். சொன்னால் அந்தப் பெண் பொய்க்காரி, வீட்டில் உதைபட்டு அடுத்த வாரமே அந்த ஆளுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். வந்தேன் என்றால், கையில் வேதத்தை வைத்துக்கொண்டு புளுகியவன் நான். என் ஆயுசில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஞானம் வந்து இல்லை, பயத்தில். அப்படியே அந்தப் பெண் பக்கம் திரும்பினேன்.

"எஸ்தரு, உனக்குச் சம்மதமா?"

அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. கத்தினார்கள், பெஞ்சைத் தட்டினார்கள், நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். கத்தினவர்களுக்கே அலுத்து, கோயில் அமைதியானது.

"இல்லைங்க ஐயா."

"தடை இருக்கு. ஓலையை நிறுத்தறேன்."

"நான் கேட்டதுக்குப் பதில் எங்கய்யா?" என்றார் ஞானமுத்து.

"நான் கேட்டதுக்குப் பதில் வந்துடுச்சு, மூப்பரே."

அன்று அடி வாங்காமல் வீடு வந்தது கர்த்தரின் கிருபை. அதற்கப்புறம் பால்காரன் எங்கள் வாசலைத் தாண்டிப் போனான், வீட்டு ஓட்டின்மேல் கல் விழுந்தது, சீக்கிரமே மாற்றலும் வந்தது. மூப்பர் வீட்டுக்கு எதிரே கடை போட்டிருந்த தையல்காரர் மட்டும், சனிக்கிழமை என்னைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். "சலாம் போட்டேன் ஐயா, பதில் பேசாம தலையை மட்டும் ஆட்டினீங்க. பல்வலியோன்னு நினைச்சேன்." நடந்ததை வீட்டில் சொன்னபோது என் மனைவி யோசிக்கவே இல்லை. "பேசாம நின்னாராமே? அப்ப நிச்சயமா நீங்க இல்லை." எஸ்தர் டீச்சர் டிரெய்னிங் போய் நன்றாக இருக்கிறாள். நான் முசிறியில் இருந்ததை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

உண்மையைச் சொன்னால், அவன்மேல் எனக்குக் கோபம். யாராக இருந்தால் என்ன, என் மூஞ்சியை மாட்டிக்கொண்டு என் வேலையை என்னைவிட நன்றாகப் பார்க்க அவனுக்கு என்ன உரிமை?

அறுபதுகளில் ஒரு தடவை, சபையைச் சேர்ந்த ரயில்வே குடும்பம் ஒன்று ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்திருக்கிறது என்று பார்க்கப் போனேன். புருஷனை இழந்த அம்மாள், நான் முன்பின் பார்த்ததே இல்லை. கதவைத் திறந்தவர், "வாங்க ஐயா, அன்னிக்கு நீங்க வந்து உக்காந்திருந்ததுக்கு அப்புறம்தான் எனக்குத் தூக்கமே வந்துது" என்றார். உட்காரவே தோன்றவில்லை. அடுத்த பஸ்ஸில், திருவானைக்காவல் தாண்டியதுகூடத் தெரியாமல் வீடு வந்து சேர்ந்தேன்.

சமையலறையில் மனைவி கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு காலி காபி டம்ளர்.

"என்ன ஆச்சு, தலைவலியா, மாத்திரை போட்டியா?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். முகம் மாறியது.

"ஏங்க, இத்தனை நேரம் எதிர்ல உக்காந்து கேட்டுட்டுத்தானே போனீங்க? இத்தனை வருஷமா சொல்லாததை எல்லாம் சொன்னேனே..."

வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் அப்போதுதான் புரிந்தது.

என்ன சொன்னாள் என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாயே திறக்காமல், மணிக்கணக்காகக் காத்திருந்தும் பார்த்துவிட்டேன். "கேட்டவர்கிட்ட சொல்லியாச்சு" என்கிறாள், அவ்வளவுதான்.