பூ கேட்கப் போனோம்

முப்பது வருஷம் அரியலூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் அறிவியல் நடத்தியவன் நான். சாமி நம்பிக்கை மனிதனுக்குப் பிறவியிலேயே வருவதா என்று பிள்ளைகள் கேட்டால், "பொறக்கும்போது பசி மட்டுந்தான்டா இருக்கும். மிச்சமெல்லாம் அப்புறம் ஊட்டுனது" என்பேன். அப்படிச் சொல்வதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. வீட்டில் விளக்கேற்றுவது என் மனைவியின் இலாகா. நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

போன வருஷம் அவளுக்கு மார்பில் கட்டி. தள்ளிப்போடாமல் ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்றார் பெரம்பலூர் டாக்டர். குலதெய்வத்திடம் பூ கேட்காமல் உடம்பில் கத்தி வைக்க விடமாட்டேன் என்றாள் இவள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் முன்னால் போடுவார்கள். ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது.

ஜெயங்கொண்டம் தாண்டி முந்திரிக்காட்டுக்குள் இருக்கிறது கோயில். அவளுடைய அண்ணன் காரில் கூட்டிப்போனார். பூசாரி பொட்டலங்களைப் போட்டதும் அவள் என்னைப் பார்த்தாள்.

"நீங்க எடுங்க. நாங்கல்லாம் பயந்து போயி நிக்கிறோம். உங்களுக்குத்தான் இதுல ஒண்ணுமே இல்லையே."

சிரித்துக்கொண்டேதான் குனிந்தேன். இரண்டில் ஒன்று, அவ்வளவுதானே. ஆனால் முதலில் தொட்டதை விட்டுவிட்டு மற்றதை எடுத்தேன். பிரித்தால் செவ்வரளி.

அதை அங்கேயே வீசிவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். "அடுத்த பவுர்ணமிக்குத் திரும்பக் கேப்போம் மாப்ள" என்றார் மச்சான். நான் தலையாட்டினேன். ஊருக்குத்தான் உபதேசம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆபரேஷன் என்றாலே எனக்குப் பயம். வேண்டாம் என்று யாரோ சொன்னதில் உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது.

அப்புறமும் ஒவ்வொரு தடவையும் என் கையால்தான் எடுத்தேன். வெள்ளை வந்தது நாலாவது பவுர்ணமியில். அதற்குள் நோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டது. "இத்தன நாளா என்ன சார் பண்ணுனீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

இப்போது வலிக்கு மட்டும்தான் மருந்து. கட்டிலை விட்டு அவளால் எழுந்திருக்க முடிவதில்லை. போன வாரம் மச்சான் வந்து தங்கையின் கால்மாட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"ஆத்தா மேல தப்பு இல்ல மாப்ள. நம்பாத கைய விட்டு எடுக்க வச்சோம் பாருங்க, அதுதான் தப்பாப் போச்சு."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முட்டாள்தனமாகப் பேசாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நானும் அதையேதான் நம்பிக்கொண்டிருக்கிறேன், என் கைதான் கெடுத்தது என்று. பிறவியிலேயே எனக்குள் இருந்ததா, பயத்தில் முளைத்ததா, தெரியாது. இந்த வயதில் எனக்கென்று ஒரு நம்பிக்கை வந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அவளுக்காகக் கும்பிடக்கூட முடியவில்லை.